அபராதத் தராசு: குடித்துவிட்டு ஓட்டுபவருக்குக் கோர்ட் எதை எடைபோட வேண்டும்?

(பச்சைமலை அடிவாரத்தில் வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களுக்கு விதிக்கப்படும் அபராதம் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. "நமக்கு மது ஹராம். குடிப்பவனுக்குப் பத்தாயிரம் போட்டால் என்ன, இருபதாயிரம் போட்டால் என்ன? அது நம் பிரச்சினையா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

நம் பிரச்சினைதான் சகோதரர்களே! மூன்று காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, சாலையில் நாமும் போகிறோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள். இது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. மோதுகிற வண்டி நம் மார்க்கத்தைக் கேட்டுவிட்டு மோதுவதில்லை.

இரண்டாவது, நம் சரக்கை ஓட்டுபவர்கள் எல்லோரும் நம் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. டாப் செங்காட்டுப்பட்டியிலிருந்து பலாப்பழமும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிக்கொண்டு வளைந்து வளைந்து இறங்கும் வண்டி, துறையூர் வழியாகத் திருச்சி காந்தி மார்க்கெட் வரை போகிறது. அதை ஓட்டுபவர் யாரோ ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை. அவருக்கு என்ன நடந்தாலும் வண்டிக்கு உரிமையாளரான உங்கள் வாசலுக்கும் அது வந்து சேரும்.

மூன்றாவதைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டு வாலிபர்கள் யாரும் அந்தக் கடை வாசலை மிதிப்பதே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? மூடி வைத்தால் ஆறிவிடும் புண் அல்ல இது.

ஆகவே இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது, நீதிபதியின் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, அது எப்படிப் பயன்பட வேண்டும் என்பதை நாம் அறிந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

"வரை" என்ற ஒரு சொல்

மோட்டார் வாகனச் சட்டம் 1988ல் வந்தது. அதன் 185வது பிரிவுதான் குடித்துவிட்டு ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. தொடக்கத்தில் ரத்தத்தில் எவ்வளவு சிறிய அளவு மது இருந்தாலும் குற்றம் என்றுதான் எழுதியிருந்தார்கள். 1994ல் செய்த திருத்தத்தில், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று அளவு வைத்தார்கள். மூச்சு சோதனைக் கருவி என்ற குறிப்பும் அப்போதுதான் இந்தப் பிரிவுக்குள் வந்தது.

தண்டனை என்ன? முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.2,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.3,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படித்தான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

2019ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 செப்டம்பர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. முதல் தடவைக்கு அபராதம் ரூ.10,000. அடுத்த தடவைக்கு ரூ.15,000. இதைப் பத்திரிகைகள் எல்லாம் "ஐந்து மடங்கு உயர்வு" என்று எழுதின. உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

பழைய சட்டத்தில் "இரண்டாயிரம் ரூபாய் வரை" என்று இருந்தது. புதிய சட்டத்தில் அபராதத்தைப் பொறுத்தவரை அந்த "வரை" என்ற சொல் போய்விட்டது. "பத்தாயிரம் ரூபாய் அபராதம்" என்று மட்டும் இருக்கிறது.

அந்த ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? அதில்தான் நீதிபதியின் தராசு இருந்தது. "வரை" என்று இருந்தால், குற்றவாளி யார், எவ்வளவு குடித்திருந்தார், எந்த வண்டியை ஓட்டினார், அவருடைய வருமானம் என்ன என்றெல்லாம் பார்த்து ஐநூறும் போடலாம், இரண்டாயிரமும் போடலாம். அந்தச் சொல் போனபின், அபராதம் என்று தீர்மானித்துவிட்டால் தொகையைத் தீர்மானிக்கும் வேலை நீதிபதிக்கு இல்லை. சட்டமே தீர்மானித்து வைத்துவிட்டது.

இரண்டு பேர், ஒரே பத்தாயிரம்

சிந்தித்துப் பாருங்கள். பச்சைமலைச் சாலையில் ஒரே மாலையில் இரண்டு பேர் பிடிபடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவர் மலைக்காட்சி பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர். விலையுயர்ந்த கார், வண்டி நிறையக் கூட்டாளிகள். சோதனைக் கருவியில் வரம்பைப் போல ஐந்து மடங்கு காட்டுகிறது. இன்னொருவர் தென்புறநாட்டுக்காரர். அடிவாரத்தில் கூலி வேலை முடித்துப் பழைய மொபெட்டில் வீடு திரும்புகிறார். அவருக்கு வரம்பைவிடக் கொஞ்சம் அதிகம் காட்டுகிறது.

இருவர் செய்ததும் குற்றம். அதில் சந்தேகமில்லை. ஏழை என்பதால் குடிபோதை தெளிந்துவிடாது. அவர் மோதினாலும் பிள்ளை சாகும். ஆனால் இருவருக்கும் அதே பத்தாயிரம் என்றால் அது ஒரே தண்டனையா? முதலாமவருக்கு அது ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கு. இரண்டாமவருக்கு அது ஒரு மாத அரிசி, பிள்ளையின் பள்ளிச் செலவு, கடனுக்குக் கட்ட வேண்டிய தவணை எல்லாம் சேர்ந்தது. நோட்டின் எண்ணிக்கை ஒன்று. வலி ஒன்றல்ல.

அபராதம் கட்ட முடியாவிட்டால்? அதற்குப் பதிலாகச் சிறை. சிறையோ அபராதமோ விதிக்கக்கூடிய குற்றத்தில், அபராதம் கட்டத் தவறியதற்கான சிறை அந்தக் குற்றத்தின் உச்ச சிறைக்காலத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவிதி. ஆறு மாதத்தில் நான்கில் ஒரு பங்கு ஒன்றரை மாதம். ஆக, பணம் உள்ளவர் பர்ஸைத் திறந்து முடித்துக்கொள்வதை, பணம் இல்லாதவர் தன் வாழ்நாளிலிருந்து எடுத்துக் கட்டுகிறார்.

புதிய அபராதங்கள் அமலுக்கு வந்த அதே 2019 செப்டம்பரில் ஒடிசாவின் புவனேஸ்வரில் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு மொத்தம் ரூ.47,500க்குச் சலான் எழுதப்பட்டது. குடித்திருந்ததற்கு மட்டும் பத்தாயிரம். மீதி, கையில் ஆவணங்கள் இல்லாதது முதலான குற்றங்களுக்கு. அந்தப் பழைய ஆட்டோவை வாங்கிய விலையே அபராதத்தைவிடக் குறைவு என்று அவர் சொன்னதை நாடே பேசியது. அவர் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. வண்டியை விற்றாலும் கட்ட முடியாத அபராதம் யாரைத் திருத்தும் என்று மட்டும் கேட்கிறேன்.

உச்ச நீதிமன்றம் அன்றே சொன்னது

இது புதுக் கேள்வி அல்ல. குடியரசு பிறந்த தொடக்க ஆண்டுகளிலேயே உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி. பம்பாயைச் சேர்ந்த ஆதம்ஜி உமர் தலால் என்பவரின் வழக்கு அது. அத்தியாவசியப் பொருள் தொடர்பான குற்றத்திற்காக அவருக்குச் சிறையோடு பெருந்தொகை அபராதமும் விதிக்கப்பட்டிருந்தது. அபராதம் விதிக்கும்போது குற்றத்தின் தன்மையைப் பார்ப்பது போலவே குற்றவாளியின் பொருளாதார நிலையையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தெளிவுபடுத்தி, அபராதத்தைக் குறைத்தது. இன்றுவரை சட்டம் படிப்பவர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 63வது பிரிவும் இதைத்தான் சொன்னது. தொகை குறிப்பிடப்படாத இடத்தில் அபராதத்திற்கு வரம்பு இல்லை, ஆனால் அது அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விதி தொடர்கிறது.

நம் ஃபிக்ஹ் நூல்களைப் படித்தவர்களுக்கும் இது புரியும். அளவு வரையறுக்கப்பட்ட தண்டனை ஒரு வகை. காழியின் கணிப்புக்கு விடப்பட்ட 'தஃஸீர்' இன்னொரு வகை. கணிப்புக்கு விட்டார்கள் என்றால் மனம்போன போக்கில் தீர்ப்பளிக்க விட்டார்கள் என்று பொருளல்ல. குற்றத்தையும் ஆளையும் பார்த்து, திருந்துவதற்குப் போதுமானதைக் கொடு என்ற பொறுப்பு அது. அதிகாரமாக அல்ல, அமானிதமாகவே அது ஒப்படைக்கப்பட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் நீதிபதியிடமே விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நீதிபதியின் தன்விருப்ப அதிகாரத்தை மக்கள் ஏன் சந்தேகிக்கிறார்கள் என்பதற்கும் வரலாறு இருக்கிறது.

1999 ஜனவரி 10 அதிகாலை. டெல்லி லோதி காலனியில் வசதிமிக்க குடும்பத்து இளைஞர் ஓட்டிய வெளிநாட்டுக் கார் மோதி, போலீஸார் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறை என்றது. உயர் நீதிமன்றம் அதை இரண்டு ஆண்டாக்கியது. 2012ல் உச்ச நீதிமன்றம், குற்றம் கடுமையானதுதான் என்று சொல்லிவிட்டு, அனுபவித்த சிறையே போதும், ரூ.50 லட்சம் கட்டு, இரண்டு ஆண்டு சமூகச் சேவை செய் என்றது. அந்தப் பணம், மோதிய வண்டி எதுவென்றே தெரியாத விபத்துகளில் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டுக்கு. செல்வந்தரிடம் செல்வத்திற்கேற்ற தொகை வாங்கியது நியாயமே என்றார்கள் சிலர். பணம் சிறைக்குப் பதிலாகிவிட்டதே என்று வருந்தினார்கள் பலர்.

2006 நவம்பர் 12. மும்பை பாந்த்ரா கார்ட்டர் சாலை. நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம்! பம்பாய் உயர் நீதிமன்றம் அதை மூன்று ஆண்டாக உயர்த்தியது. 2012ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரே சம்பவம், ஒரே சாட்சிகள். ஒரு கோர்ட்டில் ஆறு மாதம், இன்னொரு கோர்ட்டில் மூன்று ஆண்டு.

2024 மே 19. புனே நகரம். பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சில மணி நேரத்தில் சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது! நாடு கொதித்தது. ரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவமனை மருத்துவர்களே கைதானார்கள்.

இவை உயிர் போன வழக்குகள். வெறும் 185வது பிரிவு வழக்குகள் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். அளவுகோல் வெளிப்படையாக இல்லாத தன்விருப்ப அதிகாரம், வசதி படைத்தவன் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற அச்சத்தை ஏழையின் மனத்தில் விதைக்கிறது. 2019ல் பாராளுமன்றம் தொகையைக் கட்டிப்போட்டதையும் இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும். தராசு ஏறுமாறாக இருக்கிறது என்றால் என்ன செய்ய வேண்டும்? தராசைச் சரிசெய்ய வேண்டும். நம் சட்டமோ தராசைப் பிடுங்கிவிட்டு, வருகிற எல்லோருக்கும் ஒரே பொட்டலம் கட்டிக் கொடு என்று சொல்லிவிட்டது. எடைபோட்டுப் பிழைக்கும் வியாபாரிகளான உங்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னமும் நீதிபதி கையில் இருப்பது என்ன?

தொகை போய்விட்டாலும் அதிகாரம் முழுவதும் போய்விடவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று: அபராதமா, சிறையா, இரண்டுமா என்பதை நீதிபதிதான் முடிவு செய்கிறார். சிறைக்கு உச்ச வரம்பு உண்டு, குறைந்தபட்சம் சொல்லப்படவில்லை.

இரண்டு: அபராதம் மட்டுமே தண்டனை என்றால், உடனே கட்ட முடியாதவருக்கு 30 நாள் வரை அவகாசமோ, இரண்டு மூன்று தவணைகளோ கொடுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424வது பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. இது தெரியாமல் எத்தனையோ பேர் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். கேட்பதற்கு உரிமை உண்டு. பணிவாகக் கேளுங்கள்.

மூன்று: இதுதான் மிக முக்கியமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 20வது பிரிவின்படி, 185ல் தண்டிக்கப்பட்டவர் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியிழந்தவர் என்று கோர்ட் உத்தரவிட வேண்டும். அந்தக் காலம் ஆறு மாதத்திற்குக் குறையக் கூடாது. எத்தனை மாதம் என்பது நீதிபதியின் கணிப்பு. ஊரெல்லாம் பத்தாயிரத்தைப் பற்றித்தான் பேசுகிறது. இந்த ஆறு மாதத்தைப் பற்றிப் பேசுபவரைக் காண்பது அரிது.

தகுதியிழப்பும் ஏழை ஓட்டுநரைத்தான் அதிகம் வாட்டும், பணக்காரர் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்வார் என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு அன்று மாலையே இருவரும் குடித்துவிட்டு ஓட்டலாம். லைசென்ஸ் போனால், மற்றவரின் உயிரோடு விளையாடும் அந்த உரிமை இருவருக்குமே போகிறது. பணத்தால் வாங்க முடியாத தண்டனை அது. பணக்காரர் அதற்குத்தான் பயப்படுவார்.

வெளிநாடுகளில் எப்படி?

உங்களில் பலருக்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவுகள் உண்டு. விசாரித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் 2019ல் செய்த திருத்தத்தில் முதல் குற்றத்திற்கு 2,000 வெள்ளிக்குக் குறையாமல் 10,000 வெள்ளி வரை அபராதம் என்று வைத்தார்கள். கீழே ஒரு தரை, மேலே ஒரு கூரை, நடுவில் நீதிபதிக்கு இடம். அந்த இடத்தையும் மனம்போனபடி விடவில்லை. மூச்சில் மதுவின் அளவு ஏற ஏற அபராதமும் தகுதியிழப்புக் காலமும் படிப்படியாக ஏற வேண்டும் என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் 2021ல் ஓர் அட்டவணையே வகுத்துக் கொடுத்தது. மலேசியாவும் 2020ல் திருத்திய சட்டத்தில் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட் வரை என்று இடைவெளி விட்டே வைத்தது.

ஃபின்லாந்தில் இன்னொரு முறை. 1921 முதல் அங்கே 'நாள் அபராதம்' நடைமுறையில் இருக்கிறது. குற்றத்தின் கடுமைக்கேற்ப இத்தனை நாள் என்று விதிப்பார்கள். ஒரு நாளின் விலை அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. 2023ல் அங்கே ஒரு கோடீஸ்வரர் வேக வரம்பை மீறியதற்கு 1,21,000 யூரோ கட்ட நேர்ந்தது. அதே தவறைச் செய்த தொழிலாளி சில நூறு யூரோக்களோடு தப்பியிருப்பார். இருவருக்கும் வலி ஒன்று. அதுவல்லவா சமத்துவம்!

நாம் கேட்க வேண்டியது இதுதான். அபராதத்திற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வையுங்கள். போதையின் அளவு, வண்டியின் வகை, அதில் இருந்த ஆட்கள், முன்பு தண்டிக்கப்பட்டவரா என்பது, வருமானம் ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் இந்தத் தொகை என்று நீதிபதி நான்கு வரி காரணம் எழுதட்டும். கோடீஸ்வரருக்குப் பத்தாயிரம் போதாது. கூலிக்காரருக்கு அதுவே குடும்பம் அழியும் தொகையாகக் கூடாது. காரணம் எழுதப்பட்டால் சலுகைக்கு இடமிருக்காது. அப்பீலுக்கும் வழி இருக்கும்.

வாலிபத் தம்பிகளுக்கு

முதலில், குடிக்காதீர்கள். அதற்கு மேல் அந்த விஷயத்தில் உபதேசம் தேவையில்லை. உங்கள் நண்பர்களுக்காகவும், நாளை சாட்சியாக நிற்க நேர்ந்தாலும் பயன்படும் என்பதற்காகவும் சில விவரங்களைச் சொல்கிறேன்.

சீருடையில் உள்ள அதிகாரி ஊதச் சொன்னால் ஊத வேண்டும். காரணமின்றி மறுத்தால் அந்த மறுப்பே எதிரான சாட்சியாகலாம் என்கிறது 205வது பிரிவு. இந்தக் குற்றத்திற்காகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்திற்குள் பதிவு பெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது 202வது பிரிவு. கருவி காட்டிய அளவு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது போல இதை அதிகாரியிடமே கட்டி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. 200வது பிரிவின் சமரசப் பட்டியலில் 185 இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஆகவே சாலையோரத்தில் "இவ்வளவு கொடு, முடித்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் அது அபராதம் அல்ல, லஞ்சம். கொடுப்பவரும் குற்றவாளி.

கோர்ட்டில் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பணத்தைக் கட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது தண்டனைத் தீர்ப்பு. ஏட்டில் நிற்கும். மறுமுறை பிடிபட்டால் அது இரண்டாவது குற்றம். இரண்டு ஆண்டு சிறை வரை போகலாம். குடித்தவர் ஓட்ட நீங்கள் பின்னால் உட்கார்ந்து போனாலும் ஆபத்து உண்டு. உடந்தையாக இருந்ததற்கு 188வது பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்து போலீஸ் இதையே எச்சரிக்கையாக அறிவித்தது.

வியாபாரப் பெருமக்களுக்கு

உங்கள் வண்டியை உங்கள் ஓட்டுநர் குடித்துவிட்டு ஓட்டினால் அபராதம் அவருக்கு, நஷ்டம் உங்களுக்கு. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு நிறுவனத்தின் விலையுயர்ந்த கார் விபத்தில் எரிந்தது. காருக்கான இன்ஷூரன்ஸ் பணத்தைக் கேட்டு அந்த நிறுவனம் வழக்காடியது. ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதைச் சூழ்நிலைகளே காட்டுகின்றன, பணம் கொடுக்கத் தேவையில்லை என்று 2021ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூச்சு சோதனை அறிக்கை இல்லை என்ற வாதம்கூட எடுபடவில்லை. மூன்றாம் நபருக்கான இழப்பீட்டிலும், திருத்தப்பட்ட சட்டத்தின் 150வது பிரிவு, குடிபோதையை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எழுப்பக்கூடிய ஆட்சேபணைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஒரு விபத்து போதும், இருபது ஆண்டு உழைப்பு போய்விடும்.

இன்னொன்று. இதைக் கோபிக்காமல் கேளுங்கள். லோடு ஏற்றி இறக்குபவருக்கும் ஓட்டுநருக்கும் கூலிக்கு மேலே, "சாயங்காலம் வைத்துக்கொள்" என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நூறோ இருநூறோ கொடுக்கும் வழக்கம் மண்டிகளில் இருக்கிறது. அந்தக் காசு எந்தக் கடைக்குப் போகிறது என்பது கொடுப்பவருக்கும் தெரியும். நாம் குடிப்பதில்லை என்ற பெருமை நமக்கு எதற்கு, குடிக்கக் கொடுத்த கை நம்முடையதாக இருந்தால்? அந்தப் பணத்தைக் கூலியோடு சேர்த்து வெளிப்படையாகக் கொடுங்கள். முடிந்தால் அவர் வீட்டில் கொடுங்கள். மலையிலிருந்து வண்டி இறங்கும் முன் ஓட்டுநரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பேச்சிலும் மூச்சிலும் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் பலாப்பழம் ஒரு நாள் காத்திருக்கட்டும்.

அரசுக்கு

விற்பதும் அரசு, பிடிப்பதும் அரசு, அபராதம் வாங்குவதும் அரசு. டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனை செய்கிறது. ஒரு கையால் ஊற்றிக் கொடுத்து மறு கையால் அபராதம் வாங்கும் இந்த முறைக்கு எதிராக இதே தமிழ்நாட்டிலிருந்துதான் ஒரு வழக்கு டெல்லி வரை போனது. 2016 டிசம்பர் 15ல் உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாது என்றது. பின்னர் சிறிய ஊர்களுக்கு அது 220 மீட்டராகத் தளர்த்தப்பட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. பின்னர் சாலைகளின் பெயரை மாற்றியும் இடம் மாற்றியும் கடைகள் திரும்பி வந்த கதை நாடு முழுவதும் நடந்தது. கடை வாசலில் வரிசையாக வண்டி நிறுத்த இடம் இருக்கும்வரை, அபராதம் எவ்வளவு உயர்ந்தாலும் அது வருமானமாக இருக்குமே தவிர மருந்தாக இருக்காது.

சகோதரர்களே! குடித்துவிட்டு ஓட்டுபவர் தப்பக் கூடாது. ஆனால் அவர் ஏழை என்பதற்காக இரட்டிப்பாகவும், பணக்காரர் என்பதற்காகப் பாதியாகவும் தண்டனை அனுபவிக்கக் கூடாது. நாம் கேட்பது கருணை அல்ல, சரியான எடை. கடையில் வாடிக்கையாளருக்கு எடை குறையக் கூடாது என்று பயந்து வியாபாரம் செய்கிற சமுதாயம் நாம். கோர்ட்டிலும் எடை குறையக் கூடாது என்று கேட்க நமக்கு முழுத் தகுதி உண்டு.

உங்கள் பகுதி சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது இதையும் கேளுங்கள். உங்கள் ஜமாஅத்தில் வழக்கறிஞர் ஒருவர் இருந்தால், மாதம் ஒரு நாள் ஓட்டுநர்களுக்கு இந்தச் சட்டத்தை விளக்கச் சொல்லுங்கள். முஸ்லிம் ஓட்டுநர், மலையாளி ஓட்டுநர் என்ற பேதம் வேண்டாம். சாலை எல்லோருக்கும் பொது. அதில் போகிற உயிரும் எல்லோருக்கும் பொது.

வஸ்ஸலாம்.